பல வண்ணத் தாவணிக்கு ஒரு ஜிமிக்கி போதும்!

முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. இரண்டு பக்கமும் துணிக்கடைகள், நடுவில் தள்ளுவண்டிகள், கை நிறையப் பைகளோடு குடும்பங்கள். 2019 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டைக்கு வந்தது. 2021 பிப்ரவரியில் அது விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, திருவொற்றியூர் பக்கத்து மக்களுக்கும் இங்கே வந்து போவது சுலபமாகிவிட்டது. துணி எடுப்பதில் இவர்களுக்குப் பெரிய குழப்பம் இல்லை. எடுத்த துணிக்கு நகை தேடும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது.

தண்டையார்பேட்டையிலிருந்து வந்திருந்த அந்த அம்மாவுக்கும் மகளுக்கும் அதே தலைவலிதான். பெரியம்மா மகள் கல்யாணத்துக்கு எடுத்த பாவாடை ராணி பிங்க், தாவணி கிளிப்பச்சை, ரவிக்கை மஞ்சள், பார்டரில் மயில் நீலம். கவரிங் கடைக்குள் நுழைந்ததும் மகள் கை வைத்தது, அந்த நான்கு நிறமும் கல்லாகப் பதித்த 'மல்ட்டி கலர்' செட்டில். நெக்லஸ், தொங்கட்டான், நெற்றிச்சுட்டி எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய்.

அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. "நாலு பேரு வர்ற கல்யாணம்டி. வட்டியக் கட்டி, அடகுல இருக்கிற ஆரத்த மூட்டுக்கினு வந்துடலாம்."

"வேணாம்மா. ஒரு நாள் போட்டுட்டு மறுபடியும் கொண்டு போய் வெக்கணும். எதுக்கு?"

ஒருவருக்கு எடை முக்கியம், இன்னொருவருக்கு மேட்சிங் முக்கியம். உடையிலேயே நான்கு நிறம் இருக்கும்போது நகைக்கு என்ன வேலை என்ற கேள்வியை இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

பவளம் சொல்லும் பாடம்

வண்ணத்துணிக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் உள்ள உறவு பழையது. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால்தான் இந்தப் பேட்டைக்கு இந்தப் பெயர். அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து கடல் கடந்து போன சரக்குகளில் ஒன்று, 'மெட்ராஸ் கைக்குட்டை' என்று பெயர் பெற்ற பல நிறக் கட்டம் போட்ட பருத்தித் துணி. மேற்கு ஆப்பிரிக்காவில் அதற்குப் பெரிய மவுசு இருந்தது.

நைஜீரியாவின் கழிமுகப் பகுதியில் வாழும் கலபாரி மக்கள் இந்தக் கட்டத் துணியை 'இன்ஜிரி' என்று சொல்கிறார்கள். விசேஷ நாட்களில் அதை இடுப்பில் கட்டி, கழுத்தில் பவள மாலை அணிவது அவர்கள் வழக்கம். துணியில் கட்டத்துக்கு ஒரு நிறம் இருந்தாலும் மாலையில் இருப்பது பவளத்தின் சிவப்பு மட்டும்தான். கண்ணுக்கு ஓர் இடத்தில் ஓய்வு கிடைப்பதால் துணியும் எடுபடுகிறது, மாலையும் எடுபடுகிறது.

நம் ஊரிலும் இதே சூத்திரம் உண்டு. பரதநாட்டியம் ஆடும் பெண்களைக் கவனித்தால் தெரியும். மேடைக்கு மேடை உடையின் நிறம் மாறும். ஊதா, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து என்று எந்தப் பட்டு கட்டினாலும் தலைசாமான் முதல் ஒட்டியாணம் வரை அதே கெம்பு செட்தான். தங்க முலாம், சிவப்புக் கல், இடையிடையே பச்சையும் வெள்ளையும். நாகர்கோவில் வடசேரியில் செய்யப்படும் இந்தக் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஒரே செட் அத்தனை உடைக்கும் பொருந்துவதற்குக் காரணம், அது உடையின் நிறத்தைத் துரத்துவதில்லை என்பதுதான். உடைக்கு ஒரு செட் என்று வாங்கிக் குவிப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

* உடையில் அதிகமாக இருக்கும் நிறத்தில் நகை போட்டால் அது துணியோடு கரைந்துவிடும். குறைவாக இருக்கும் நிறத்தைப் பிடிக்க வேண்டும். பிங்க் பாவாடையில் நீலம் பார்டரில் மட்டும் இருந்தால், காதில் ஒரு நீலக்கல் போதும்.

* எந்த நிறம் என்று முடிவுக்கு வர முடியாவிட்டால், கல்லே இல்லாத தங்க நிற நகையோ முத்தோ போடலாம். இரண்டும் எல்லா நிறத்தோடும் ஒத்துப்போகும்.

* ஜரிகை தங்க நிறமா, வெள்ளி நிறமா என்று பார்ப்பது அவசியம். வெள்ளி ஜரிகைக்கும், நீலம், சாம்பல், கறுப்பு கலந்த காட்டன் சுடிதாருக்கும் ஆக்சிடைஸ்டு நகை எடுப்பாக இருக்கும்.

* பெரிய பூப்போட்ட துணிக்கு வேலைப்பாடு குறைந்த நகை பொருந்தும். பொடி டிசைன் என்றால் பெரிய ஜிமிக்கியோ டெரகோட்டா பதக்கமோ தாங்கும்.

* காது, கழுத்து, கை மூன்றில் ஒன்று மட்டும் பெரிதாக இருக்கட்டும். ரவிக்கைக் கழுத்தில் ஏற்கெனவே எம்ப்ராய்டரி இருந்தால் நெக்லஸே தேவையில்லை. அந்தக் காசு காதுக்குப் போகலாம்.

* நிறத்தைக் கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பழகியவர்கள் துணியின் ஒரு முனையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கல்லுக்கும் அதே சோதனை வேண்டும். மாலை ரிசப்ஷனுக்கு என்றால் விளக்கு வெளிச்சத்திலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

காதையும் கவனிக்க வேண்டும்

மலிவு விலை நகைகளில் நிக்கல் கலந்திருப்பது உண்டு. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் காது மடல் அரித்து, சிவந்து, நீர் வடியும். அப்படிப்பட்டவர்கள் பிடித்த தோடு ஒன்று கிடைத்தால், அதன் கொக்கியை மட்டும் ஆசாரியிடம் கொடுத்து வெள்ளியிலோ தங்கத்திலோ மாற்றிக்கொள்ளலாம். புண் ஆறும்வரை எந்தத் தோடும் போடாமல் இருப்பதே நல்லது.

வடசென்னையின் உப்புக்காற்றும் வியர்வையும் கவரிங்கைச் சீக்கிரம் கறுக்க வைக்கும். பவுடர், சென்ட் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் நகை போட வேண்டும். கழற்றியதும் பருத்தித் துணியால் துடைத்து, காற்றுப் புகாத சின்ன பாக்கெட்டில் தனித்தனியாகப் போட்டு வைத்தால் அடுத்த விசேஷத்துக்கும் உதவும்.

தங்கத்திலேயே வாங்க நினைப்பவர்களுக்குத் தங்கசாலைத் தெருவும் என்.எஸ்.சி. போஸ் ரோடும் பக்கத்திலேயே இருக்கின்றன. கல் வைத்த நகை என்றால் பில்லில் கல்லின் எடையும் தங்கத்தின் எடையும் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல், ஹால்மார்க் தங்க நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு கட்டாயம். அதையும் சரிபார்க்கலாம்.

வீட்டு டப்பாவில் இருந்தது

கவரிங் கடையில் கல்லாவில் இருந்த அக்கா, அந்தத் தாவணியைக் கண்ணாடி முன்னால் பிரித்துப் போட்டார். அதன் மேல் நான்கு நிற செட்டை வைத்ததும், பிங்க்கும் பச்சையும் கல்லும் ஒன்றோடு ஒன்று குழம்பி நகையே தெரியாமல் போனது. அதை எடுத்துவிட்டு, "வீட்டுல ஜிமிக்கி இன்னா இருக்குது பாப்பா?" என்று கேட்டார்.

"சிவப்புக்கல் ஜிமிக்கி ஒண்ணு இருக்குது. ஆயா குடுத்தது. சின்னதா இருக்கும்."

"அத்தப் போடு. கழுத்துக்கு ஒரு மெல்லிசு செயின். கைக்கு மட்டும் நீலக் கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கிக்கோ."

அம்மா தாவணியை மடித்துப் பையில் வைத்தார். அடகுச் சீட்டு பர்ஸிலேயே இருந்தது. "அப்போ ஆரம்?" என்றார் கடைசியாக ஒருமுறை.

"அது உனக்குத்தானம்மா. காசு சேர்ந்ததும் மூட்டுக்கலாம். அப்போ திரும்பக் கொண்டு போய் வெக்க வேணாம்."

அம்மா பதில் சொல்லவில்லை. வளையல் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, மகளின் கையைப் பிடித்து அளவு பார்க்க ஆரம்பித்தார்.