மறுசால் இருக்க இரவற்சொல் எதற்கு?

புதுக்கோட்டை மாவட்டத்துச் செம்மண் கொல்லையில் கடலை விதைக்கும் உழவர், ஒரே உழவோடு விதையைப் போட்டுவிடுவதில்லை. முதற்சால் ஓட்டுவர், மண் புரளும், கட்டி நிற்கும். இருசால் ஓட்டுவர், கட்டி உடையும். முச்சாலில் மண் பொலபொலவென்று விதைக்கு இடங்கொடுக்கும். ஏரும் அதே ஏர். நிலமும் அதே நிலம். செயலும் அதே செயல். ஆயினும் ஒவ்வொரு சாலும், முன்னைச் சால் விட்ட நிலையிலிருந்து மண்ணை மேலும் பண்படுத்துகின்றது.

செய்ததையே திரும்பச் செய்து, முன்னை விளைவின்மேல் அடுத்ததைக் கட்டி, வேண்டிய நிலையை எய்தும் இம்முறையைத்தான் ஆங்கிலர் 'இட்டரேசன்' என்கின்றனர். 'மீண்டும்' எனப் பொருள்படும் 'இட்டெரும்' என்னும் இலத்தீன் சொல்லே அதன் வேர். ஆலங்குடி உழவர் வாயில் அன்றாடம் வழங்கும் கருத்துக்குக் கற்றவர் இலத்தீனத்தில் கடன் கேட்கும் இழிவை என்னென்பது!

கணக்கிலும் இதே உழவுதான். தன்னைத் தானே பெருக்கினால் 2 வரும் எண் யாது? முதலில் 1 எனக் கொள்க. 2-ஐ அதனால் வகுத்து, வந்த ஈவையும் கொண்ட எண்ணையும் கூட்டிப் பாதியாக்கினால் 1.5. அவ்விடையையே கொண்டு மீண்டும் அவ்வாறே செய்தால் 1.4167. இன்னொரு முறை செய்தால் 1.4142. மூன்றே சாலில், புள்ளிக்குப்பின் நான்கு இலக்கம்வரை விடை பிழையின்றி வந்துவிட்டது!

திரும்ப வருதலின் வகைகளைத் தமிழ் என்றோ பிரித்துக் கண்டது. பயனின்றித் திரும்பச் சொல்வது 'கூறியது கூறல்' என்னும் குற்றம். விரைவு பற்றி அடுக்கும் சொல்லுக்கு மூன்றும், இசை பற்றி அடுக்குவதற்கு நான்கும் எல்லையெனத் தொல்காப்பியர் வரையறுத்தார். வந்த எழுத்துத்தொடரே வேறு பொருளில் மீண்டும் வருவது 'மடக்கு'. இதனை 'யமகம்' என்று வடமொழியில் சொல்லிப் பெருமை கொண்டவர் பலர்.

பள்ளிக் கணினி நூல்களில் 'சுழற்சி', 'மடக்கு' என்னும் சொற்கள் இன்று வழங்குகின்றன. கட்டளைகள் தொடங்கிய இடத்துக்கே திரும்புவதைக் குறிக்க அவை நல்ல சொற்களே. ஆனால், ஒவ்வொரு முறையும் விடை செம்மையுறுவதை அவை காட்டா. சுழற்சி செக்குமாட்டைக் காட்டும். சால் ஏர்மாட்டைக் காட்டும். ஆகவே, செம்மை நோக்கிய மீள்செய்கைக்கு 'மறுசால்' என்பதே பொருந்தும். முதற்சால், இருசால், முச்சால் என எண்ணவும் அது இடந்தரும்.

உழவுச்சொல் அறிவியலுக்கு ஆகுமா என்று சிலர் நகைப்பர். உலக வழக்குச் சொற்களைத் தொகுக்க வேண்டுமென்று பாவாணர் வலியுறுத்தியது இத்தகையோர்க்காகவே. மாடு போய் உழுவுந்து வந்த பின்னும் சால் என்னும் சொல் போகவில்லை. வகுப்பறையில்தான் அதற்கு இடமில்லை! சொல்லின் இழப்போடு இது நிற்பதில்லை. தன் கொல்லையில் தந்தை செய்வதையே, எட்டாத அயலறிவு என்றெண்ணி ஓர் உழவர் பிள்ளை ஒடுங்கிப் போகின்றதே, அதுவே பேரிழப்பு.

தமிழாசிரியர்களே, கணக்காசிரியர்களே! நாளை கரும்பலகையில் 'மறுசால்' என்றெழுதுங்கள். பொருளைப் பிள்ளைகளே சொல்வார்கள்!