சான்டோரினிக்குக் கூட்டம் அலைமோதுது... யானைகள் வாழ்ந்த ‘திலோஸ்’ தீவுக்குப் போகலாமா?

கிரீஸ் என்றதும் நம் மொபைல் திரையில் வருவது ஒரே படம்தான். வெள்ளை வீடு, நீல டோம், பின்னால் சூரிய அஸ்தமனம். அது சான்டோரினி. லீவு கிடைச்சா அங்கேதான் போகணும்னு பலரும் சேவ் செய்து வைத்திருக்கும் ரீல்.

அந்த ரீலில் வராத கணக்கு ஒன்று இருக்கிறது. சான்டோரினியில் நிரந்தரமாக வாழ்பவர்கள் சுமார் 15,500 பேர். 2023-ல் மட்டும் அங்கு வந்து போனவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். 2024 ஜூலையில், கப்பல் பயணிகள் ஆயிரக்கணக்கில் இறங்கப்போகிறார்கள், உள்ளூர் மக்கள் வெளியே நடமாடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஓர் உள்ளாட்சி உறுப்பினர் ஃபேஸ்புக்கில் பதிவிட, அது பெரிய சர்ச்சையானது. விருந்தாளி வர்றாங்க, வீட்டுக்காரங்க உள்ளேயே இருங்க என்ற கதை!

அதன் பிறகுதான் சொகுசுக் கப்பல்களில் வருவோருக்கு நாளொன்றுக்கு 8,000 பேர் என்ற உச்சவரம்பும், சீசனில் தலைக்கு 20 யூரோ கட்டணமும் 2025-ல் நடைமுறைக்கு வந்தன.

சரி, அப்போ வேற எங்கே போறது? கிரீஸில் மக்கள் வாழும் தீவுகள் 200-க்கும் மேல். அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர், திலோஸ்.

எங்கே இருக்கிறது?

ஏஜியன் கடலின் தென்கிழக்கு மூலையில், துருக்கிக் கரைக்குப் பக்கத்தில் டோடெகனீஸ் தீவுக்கூட்டம் இருக்கிறது. ‘பன்னிரண்டு தீவுகள்’ என்பது பெயரின் பொருள். அதில் ரோட்ஸ், கோஸ் என்ற இரண்டு பெரிய சுற்றுலாத் தீவுகளுக்கு நடுவே இருக்கும் சின்னத் தீவு திலோஸ். பரப்பளவு சுமார் 60 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 750-ஐ ஒட்டி.

1912-ல் இத்தாலி கைப்பற்றிய இந்தத் தீவுகள், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1947 ஒப்பந்தத்தின்படிதான் கிரீஸுக்கு வந்தன. அதாவது, கிரீஸோடு சேர்ந்து இன்னும் நூறாண்டுகூட ஆகாத கிரேக்கத் தீவு இது.

அங்கே என்ன இருக்கு?

துறைமுகம் இருக்கும் ஊர் லிவாடியா. கப்பலில் இருந்து இறங்கியதும் வளைந்து செல்லும் கூழாங்கல் கடற்கரை, அதை ஒட்டி சின்னச் சின்ன உணவகங்கள், அறைகள். பை வைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கடலில் காலை நனைக்கலாம்.

மணலில் படுத்துக் கிடக்க வேண்டும் என்றால் தீவின் மறுபக்கம் எரிஸ்டோஸ். நீளமான, கூட்டமில்லாத கடற்கரை. பிளாகா கடற்கரையில் மரநிழலில் மயில்கள் உலாவுவதைப் பார்க்கலாம். லெத்ராவுக்கு ரோடு கிடையாது. லிவாடியாவில் இருந்து மலையோரப் பாதையில் நடந்துதான் போக வேண்டும். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கோங்க, வழியில் கடை எதுவும் இல்லை.

பெரிய ஊர், காலியான சின்ன ஊர்

தீவின் தலைநகர் மெகாலோ ஹோரியோ. ‘பெரிய ஊர்’ என்று அர்த்தம். மலைச்சரிவில் வெள்ளை வீடுகள், உச்சியில் பழைய கோட்டை. இந்தப் பெரிய ஊரில் இருப்பவர்கள் சில நூறு பேர்தான் என்பது வேறு விஷயம்.

அதற்கு ஜோடியாக ஒரு ‘சின்ன ஊர்’ உண்டு. மிக்ரோ ஹோரியோ. கடற்கொள்ளையருக்குப் பயந்து, கடலில் இருந்து தெரியாத மாதிரி மலைமேல் கட்டப்பட்ட ஊர். கொள்ளையர் பயம் போனது. துறைமுகம் வளர்ந்தது. மக்கள் ஒவ்வொருவராக லிவாடியாவுக்கு இறங்கினார்கள். 1960-களில் ஊரே காலி. போகும்போது கூரை மரங்களையும் கழற்றிக்கொண்டு போனதால், இன்று நிற்பவை கூரையில்லாத கல் சுவர்கள். கோடைகால இரவுகளில் மட்டும் அந்த இடிபாடுகளுக்கு நடுவே ஒரு பார் திறக்கிறார்கள்.

யானை எப்படி வந்துச்சு?

1971-ல் ஹர்காடியோ என்ற குகையில் தோண்டியபோது யானை எலும்புகள் கிடைத்தன. சாதாரண யானை இல்லை, குள்ள யானை. உயரம் கிட்டத்தட்ட ஒரு மனிதனின் உயரம்தான்.

தீவில் உணவு குறைவு. துரத்தும் பெரிய மிருகமும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் பெரிய உடம்பு லாபமில்லை, சுமைதான். தலைமுறை தலைமுறையாக உடல் சிறுத்துக்கொண்டே வரும். இதே கதை சைப்ரஸ், சிசிலி தீவுகளிலும் நடந்திருக்கிறது. ஆனால் ஐரோப்பாவில் கடைசியாக வாழ்ந்த யானைகள் திலோஸ் யானைகளாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இருக்கிற இடத்துக்குத் தகுந்த அளவில் வாழ்வது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

வாங்க, அசல் மேட்டருக்கு வருவோம்

அழகான கடற்கரை கிரீஸில் எல்லாத் தீவிலும் இருக்கிறது. திலோஸைப் பற்றிப் பேச வேண்டிய காரணம் வேறு. அது அழிந்துபோக இருந்த ஊர். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே இருந்தவர்கள் 300-க்கும் குறைவு. இளைஞர்கள் ரோட்ஸுக்கும் ஏதென்ஸுக்கும் கிளம்பிவிட்டார்கள். பள்ளியில் பிள்ளைகள் இல்லை.

அப்போது பக்கத்துத் தீவுகள் எடுத்த வழி ஒன்று இருந்தது. பெரிய ஹோட்டல், விமான நிலையம், பேக்கேஜ் டூர். திலோஸ் அந்த வழியில் போகவில்லை.

1. வேட்டைக்குத் தடை: 1993-ல் தீவு முழுக்க வேட்டை தடை செய்யப்பட்டது. எதிர்ப்பு வராமல் இல்லை. டாக்டராக இருந்து மேயரான தாசோஸ் அலிஃபெரிஸ் அதில் உறுதியாக நின்றார். பலன்? பொனெல்லி கழுகு, எலியோனோரா வல்லூறு போன்ற அரிய பறவைகளுக்கு இது பாதுகாப்பான இடமானது. குளிர்காலத்தை மடகாஸ்கரில் கழித்துவிட்டு, குஞ்சு பொரிக்க ஏஜியன் கடலுக்கு வரும் பறவை இந்த எலியோனோரா வல்லூறு. இன்று பறவை பார்ப்பவர்கள் இதற்காகவே திலோஸுக்கு வருகிறார்கள்.

2. சொந்தக் கரண்ட்: திலோஸுக்கு மின்சாரம் கோஸ் தீவில் எண்ணெய் எரித்துத் தயாரித்து, கடலடிக் கேபிளில் வந்தது. கேபிள் பழுதானால் தீவே இருட்டு. ஐரோப்பிய ஒன்றிய நிதியில் 800 கிலோவாட் காற்றாலை ஒன்று, 160 கிலோவாட் சோலார் பேனல்கள், உபரி மின்சாரத்தைச் சேமிக்கப் பெரிய பேட்டரிகள் வைத்தார்கள். 2017-ல் இந்தத் திட்டத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எரிசக்தி விருதும் கிடைத்தது. கேபிள் இன்னும் இருக்கிறது. ஆனால் அதை மட்டுமே நம்பியிருந்த காலம் போய்விட்டது.

3. தெருவில் குப்பைத் தொட்டி இல்லை: 2021 இறுதியில் தொடங்கிய திட்டம் இது. தெருத் தொட்டிகளை எடுத்துவிட்டு, வீடு வீடாகப் பிரித்து வாங்குகிறார்கள். மக்கும் குப்பை உரமாகிறது, மற்றவை மறுசுழற்சிக்குப் போகின்றன. சுற்றுலாப் பயணிக்கும் இதே விதிதான்.

4. வந்தவர்களுக்கு இடம்: சிரியா போரில் இருந்து தப்பி வந்த அகதிக் குடும்பங்களைத் தங்கவைத்து, வேலைக்கும் வழி செய்த தீவு இது. 2008-ல் கிரீஸின் முதல் ஒருபாலினத் திருமணங்களை நடத்திவைத்தவரும் அதே மேயர் அலிஃபெரிஸ்தான். நீதிமன்றம் பின்னர் அவற்றைச் செல்லாது என்றது. கிரீஸ் நாடாளுமன்றம் அத்தகைய திருமணத்தைச் சட்டமாக்கியது 2024-ல். 16 வருஷம் முன்னாடியே ஒரு குட்டித் தீவு அதைச் செய்து பார்த்துவிட்டது.

இதையெல்லாம் செய்த தீவின் மக்கள்தொகை அடுத்த இருபது ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது.

அப்போ எல்லோரும் கிளம்பிடலாமா?

இங்கேதான் சிக்கல். ‘யாருக்கும் தெரியாத சொர்க்கம்’ என்று நாங்கள் ஒரு கட்டுரை போடுகிறோம். நீங்கள் ஷேர் செய்கிறீர்கள். அடுத்த சீசனில் அது எல்லோருக்கும் தெரிந்த இடமாகிவிடும். சான்டோரினியும் ஒரு காலத்தில் அமைதியான தீவுதான். இந்தக் குற்றச்சாட்டில் ஊடகங்களான எங்களுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை.

திலோஸுக்குச் சுற்றுலாப் பணம் தேவையில்லையா? கண்டிப்பாகத் தேவை. அறை வாடகையும் உணவகமும் இல்லையென்றால் 1991-க்கே திரும்ப வேண்டியதுதான். ஆனால் வீடுகள் எல்லாம் நாள் வாடகைக்குப் போய்விட்டால் பள்ளி ஆசிரியரும் டாக்டரும் எங்கே குடியிருப்பார்கள்? பிரபலமான கிரேக்கத் தீவுகளில் இந்தப் பிரச்சினை ஏற்கெனவே வந்துவிட்டது. நல்ல தண்ணீர் குறைவான தீவில் ஒரு நீச்சல் குளம் கூடினால், அது யாரோ ஒருவர் வீட்டுக் குழாயில் குறையும்.

எனவே எங்கள் கருத்து இதுதான். போகலாம். ஆனால் ‘யாரும் பார்க்காததை நான் பார்த்துட்டேன்’ என்று டிக் அடிக்கப் போக வேண்டாம். ஒரு நாளில் பார்த்துவிட்டு ஓடுகிறவர் விட்டுப்போவது குப்பையும் ஃபோட்டோவும்தான். ஒரு வாரம் தங்குகிறவர் பேக்கரிக்கும் பஸ்ஸுக்கும் உணவகத்துக்கும் காசு கொடுக்கிறார். ஊருக்கு லாபம் இரண்டாமவரால்தான்.

போறதா இருந்தா, இதைக் கவனிங்க

விசா: ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்கு 90 யூரோ கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடு கட்டாயம். ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் வரை காத்திருக்காதீர்கள்.

வழி: திலோஸில் விமான நிலையம் இல்லை. சென்னையில் இருந்து ஏதென்ஸ், அங்கிருந்து ரோட்ஸ் அல்லது கோஸுக்கு விமானம், பிறகு கப்பல். ரோட்ஸில் இருந்து வேகப் படகில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கப்பல் தினமும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அட்டவணையைப் பார்த்த பிறகு விமான டிக்கெட் போடுங்கள்.

எப்போது: மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் ‘மெல்டெமி’ என்ற வடக்குக் காற்று வீசும். காற்று பலமாகிவிட்டால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். திரும்பி வரும் விமானத்துக்கு முன் ஒரு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பல கடைகள் மூடியிருக்கும்.

செலவு: அறை வாடகையோடு, இரவுக் கணக்கில் ‘காலநிலை வரி’யும் உண்டு. ஹோட்டலின் தரத்தைப் பொறுத்து மாறும். புக்கிங்கில் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

நடத்தை: குப்பையைப் பிரித்துப் போடுங்கள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ரீல் பார்க்காதீர்கள். வல்லூறு கூடு இருக்கும் பாறைப் பக்கம் ட்ரோனைப் பறக்கவிடாதீர்கள்.

மறுபடியும் அந்தக் குள்ள யானைக்கு வருவோம். தீவு தரக்கூடிய அளவுக்குத் தன்னைச் சுருக்கிக்கொண்டதால், அந்த மிருகம் பல ஆயிரம் ஆண்டுகள் அங்கே தாக்குப்பிடித்தது. தீவு அதற்காகப் பெரிதாகவில்லை. ஒரு வார விருந்தாளியாகப் போகும் நாமும் அந்த மாதிரி கொஞ்சம் சுருங்கிக்கொள்ளத் தயார் என்றால், தாராளமாக டிக்கெட் போடலாம். முடியாது, எனக்கு நீச்சல் குளமும் நள்ளிரவு பார்ட்டியும் வேணும் என்றால் பக்கத்திலேயே ரோட்ஸ் இருக்கு. திலோஸை விட்டுடுங்க.