டால்பின் ஷோவுக்கு டிக்கெட் எடுக்கலாமா?

இந்தியாவில் டால்பின் ஷோ நடத்த முடியாது என்பது நம்மில் நிறைய பேருக்குத் தெரியாது. 2013 மே 17-ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. டால்பின் காட்சியகம் எதற்கும் அனுமதி தராதீர்கள் என்பதுதான் சாரம். "இந்தியா டால்பினை மனிதராக அறிவித்துவிட்டது" என்று ஒரு செய்தி சுற்றியதே, அதன் மூலம் இதுதான். அப்படி ஒன்றும் அறிவிக்கவில்லை! டால்பின்களை மனிதரல்லாத நபர்களாகக் கருத வேண்டும் என்று சில விஞ்ஞானிகள் சொல்வதை அந்தச் சுற்றறிக்கை எடுத்துச் சொன்னது, அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் நம் தமிழ்நாட்டிலேயே ஒரு ஷோ இருந்தது. மாமல்லபுரம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் டால்பின் சிட்டி. நெமிலியிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு தாண்டினால் வந்துவிடும். 1998-ல் பல்கேரியாவிலிருந்து டால்பின்களைக் கொண்டுவந்தார்கள். சில மாதங்களிலேயே அத்தனையும் செத்துப்போயின. பக்கத்திலேயே வங்காள விரிகுடா... தொட்டிக்குள் சாவு.

சரி, இங்கேதான் இப்போது இல்லையே, பிறகென்ன? துபாய் இருக்கிறதே! ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் யாரைக் கேட்டாலும் வளைகுடாவில் ஒரு சொந்தக்காரர் இருப்பார். பார்க்கப் போகிறவர்கள் பார்க்கும் இடங்களில் 2008-ல் திறந்த டால்பினேரியமும் ஒன்று. சிங்கப்பூர் கதை இன்னும் மோசம். சாலமன் தீவுக் கடலில் பிடித்த டால்பின்களைப் பிலிப்பைன்ஸில் பழக்கி, 2012-ல் சிங்கப்பூர் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு விமானத்தில் ஏற்றினார்கள். வழியிலேயே ஒன்று செத்தது.

"பசங்க நேரில் பார்த்துக் கத்துக்குவாங்க" என்பது வழக்கமான வாதம். எதைக் கற்கிறார்கள்? ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்கும் பிராணி அது. நாலு பக்கமும் சுவர் உள்ள இடத்தில் அதற்கு என்ன கேட்கும்? சிரிப்பது போலத் தெரிவதும் தாடையின் அமைப்பு. செத்தாலும் அப்படித்தான் இருக்கும்.

ஆராய்ச்சிக்காக அடைப்பதை மட்டும் நான் வேறாகப் பார்க்கிறேன். 1959-ல் மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் ஒரு ஜோடி கடல்பசுக்களை வைத்திருந்தது. கடல்பசு பற்றி இங்கே அதிகம் தெரியாத காலம். எஸ். ஜோன்ஸ் அவற்றைக் கவனித்துக் கட்டுரை எழுதினார். அதற்கு ஒரு பயன் இருந்தது. ஆனால் அதே கடல்பசுவைக் காப்பாற்ற 2022-ல் தமிழக அரசு தொட்டி எதுவும் கட்டவில்லை. பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. கடலையே காப்பகமாக அறிவித்தது. கடல்பசுவுக்கு இதைவிட நல்ல தொட்டி ஏது?

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது ஒரு நண்பன் கேட்டான்: "உங்கப்பா தோல் கம்பெனியில வேலை பார்க்கிறார். நீ டால்பினுக்கு அழறியா?"

நியாயமான கேள்விதான். இறைச்சிக்காக வெட்டிய மாட்டின் தோலைத்தான் பதனிடுகிறோம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அது பாதி பதில்தான். பாலாறு பாழானதும் இந்தத் தொழிலால்தானே. ஆனால் ஒரு பாவத்தில் பங்கு உள்ளவன் இன்னொன்றைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்றால், செருப்பு போட்ட யாருமே பேச முடியாது. தோலால் இங்கே பல ஆயிரம் வீடுகளில் அடுப்பு எரிகிறது. அதை விட்டால் எங்களுக்கு வேறு வழி தேட வேண்டும். டால்பின் பந்து தட்டுவதை விட்டால் நமக்கு நஷ்டம் அரை மணி நேரக் கைதட்டல்.

அடுத்த மாதம் துபாய் போகிற மாமா குடும்பத்திடமும் இதைச் சொல்லிப் பார்த்தேன். மாமா யோசிக்கிறேன் என்றார். "ஏண்டா, பசங்ககிட்ட ஏற்கெனவே சொல்லி வெச்சாச்சே" என்றார் அத்தை.