மூன்று வயர் போதும்

மாமல்லபுரத்திலிருந்து கடலுக்குப் போகும் ஃபைபர் படகுகளில் ஜிபிஎஸ் இப்போது சாதாரணம். அதே வேலையைச் செய்யும் சின்ன மாட்யூல் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிறது. மின்சாரத்துக்கு இரண்டு வயர், தகவலுக்கு ஒன்று. யுஎஸ்பி-சீரியல் கன்வர்ட்டர் வழியாக லேப்டாப்பில் மாட்டி வேகத்தை 9600 என்று வைத்தால், நொடிக்கு நொடி வரிகள் எழுத்தாகவே வந்து விழும். மாமல்லபுரத்துக்குள் நின்று பார்த்தால் அதில் 1237 என்றும் 08011 என்றும் தொடங்கும் எண்கள் தெரியும்: வடக்கே 12 பாகை 37 கலை, கிழக்கே 80 பாகை 11 கலை. கப்பல் கருவிகளுக்காக 1983இல் வந்த என்எம்இஏ 0183 என்ற முறை இது. பிட்டுகளை ஒரே வயரில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் இந்தச் சீரியலைவிட நல்ல முதல் பாடம் எலெக்ட்ரானிக்ஸில் எனக்குத் தெரியவில்லை.

சீரியலைப் புகழ்வதற்காக 1996இல் வந்த யுஎஸ்பியை நான் குறை சொல்லவில்லை. வதோதராவில் படித்த அஜய் பட் இன்டெலில் அதற்காக உழைத்தவர்களில் முக்கியமானவர். வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு அது வரம். செய்கிறவருக்கு அப்படியல்ல. கருவி முதலில் 'நீ யார்' என்று கம்ப்யூட்டர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு பைட் பிசகினாலும் கம்ப்யூட்டர் அதை ஏற்காமல் போகலாம். சொந்தமாக ஓர் அடையாள எண் வாங்க ஆயிரக்கணக்கான டாலர் கட்ட வேண்டும். 2014இல் யுஎஸ்பி-சீரியல் சிப் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிரைவர் போலி சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கியபோது, விவரம் தெரியாமல் வாங்கியவர்களின் போர்டுகளும் முடங்கின.

ஆர்டுயினோ யூனோ ஆர்3 போர்டில் வெளியே யுஎஸ்பி சாக்கெட் இருந்தாலும், உள்ளே முதன்மைச் சிப் பேசுவது சீரியல்தான். 2021இல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ போன்றவற்றில் யுஎஸ்பி சிப்பிலேயே இருக்கிறது. கீபோர்டு செய்ய ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக அந்த வழியில் போகலாம். மொட்டை மாடியில் காற்றளவி வைக்க நினைத்தால் கதை வேறு. யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டரோடு நின்றுவிடும். சீரியலை ஆர்எஸ்-485 ஆக மாற்றினால் 1,200 மீட்டர் வரை போகும். உப்புக்காற்றில் வயர் நுனி பச்சை பூத்தால் வெட்டிச் சீவி மறுபடி திருகிக்கொள்ளலாம். யுஎஸ்பி சாக்கெட் அரித்தால் சாக்கெட்டையே மாற்ற வேண்டும்.

கேளம்பாக்கத்திலும் காட்டாங்கொளத்தூரிலும் படிக்கும் பிள்ளைகளே, சீரியலில் தொடங்குங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய கம்ப்யூட்டரின் ஒன்பது பின் போர்ட்டில் 12 வோல்ட் வரை வரும். 3.3 வோல்ட் மாட்யூலை அதில் நேராக மாட்டாதீர்கள். இடையில் மேக்ஸ்3232 சிப் ஒன்றை வையுங்கள்.