கறையான் கட்டியது, பாம்பு குடித்தது!

திருநின்றவூர்ப் பூசலார் கதையைக் கேளாதார் தமிழகத்தில் குறைவு. கையிலே காசில்லை, கல்லில்லை, சிற்பியில்லை. உள்ளத்துக்குள்ளேயே அடிக்கல் நாட்டி, விமானம் எழுப்பி, குடமுழுக்குக்கும் நாள் குறித்தார் என்கிறது பெரியபுராணம். காஞ்சியிலே கற்கோயில் எடுத்த மன்னனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, இந்த மனக்கோயிலுக்கு வந்தாராம் ஆண்டவன்! செல்வனின் கல்லைவிட ஏழையின் நெஞ்சு பெரிது என்ற அளவிலே அந்தக் கதையோடு நமக்குப் பிணக்கில்லை. நாம் பிணங்குவது, அதையே தத்துவமாக்கி வாதாடுவோரிடம். எதுவும் முதலில் ஓர் உள்ளத்தில் உருவாகித்தான் பிறகு உலகில் உருவாகுமாம், உலகமே அப்படித்தானாம்! 1802இல் இங்கிலாந்துப் பாதிரியார் பேலி, கடிகாரத்தைக் காட்டி வாதிட்டதும் இதையே. சிக்கலான பொருள் கிடக்கிறதா, அதற்குப் பின்னே சிந்தித்த மூளை ஒன்று இருந்தே தீரும் — இதுதான் அந்த வாதத்தின் அச்சாணி.

அச்சாணி கழன்று வெகுநாளாகிறது, தோழர்களே!

தரையிலே கட்டங்கள் வரையுங்கள், வாசற்கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல வரிசை வரிசையாக. (அந்தக் கோலங்களின் இலக்கணத்தைத் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியிலே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் கணிதமாக எழுதிக் காட்டினர், அது தனிக்கதை.) ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் எட்டு அண்டை வீடுகள். சிலவற்றில் புளியங்கொட்டை வையுங்கள். கொட்டை இருந்தால் உயிர்; இல்லையேல் வெறுமை. உயிருள்ள கட்டத்துக்கு உயிருள்ள அண்டையர் இருவரோ மூவரோ இருந்தால் பிழைக்கும். குறைந்தாலும் மிகுந்தாலும் மடியும். வெறுங்கட்டத்தைச் சரியாக மூவர் சூழ்ந்தால் அங்கே புதிதாக ஒன்று பிறக்கும். எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே வேளையில் இதைச் செய்தால் ஒரு தலைமுறை. சட்டம் அவ்வளவே! கணித அறிஞர் ஜான் கான்வே வகுத்து, 1970இல் மார்ட்டின் கார்ட்னர் உலகறியச் செய்த 'உயிர் விளையாட்டு' இது. 1940களில் ஊலமும் வான் நாய்மனும் தொடங்கிய செல்லுலார் ஆட்டோமேட்டா ஆராய்ச்சியின் வழித்தோன்றல்.

ஐந்தே கொட்டைகள். ஒரு வகையாக வைத்தால், நான்கு தலைமுறைக்கொருமுறை பழைய வடிவை அடைந்து, மூலைவாட்டில் ஒரு கட்டம் நகர்ந்து நிற்கின்றன, நகர்ந்துகொண்டே போகின்றன. நகரச் சொல்லும் விதி எங்கே? தேடிப் பாருங்கள், கிடைக்காது! வேறு வகையாக வைத்தால் வெடித்துப் பரவுகிறது கூட்டம். கான்வே 460 தலைமுறை பின்தொடர்ந்தும் முடிவு தெரியவில்லை. 1103ஆம் தலைமுறையிலேதான் அது அடங்குகிறது என்பதைப் பின்னர்க் கணிப்பொறி காட்டிற்று.

"விதியைச் செய்தவர் கான்வேதானே?" என்பார்கள். ஆம், செய்தார். நகரும் அந்த உருவை அவர் செய்யவில்லை. அது ஆடுகையில் தோன்றிற்று, அவர் நண்பர் ரிச்சர்ட் கை கண்டெடுத்தார். ஆண்டவன் இல்லையென்று இது மெய்ப்பித்துவிட்டதாக நாம் பறையறையவில்லை. மிகைபடக் கூறல் பகுத்தறிவாளருக்கு அழகன்று. சிக்கலைச் சான்றுகாட்டி ஒரு மூளையை நிறுவ முடியாது என்கிறோம். அதற்கு ஐந்து கொட்டைகள் போதும்.

ஏட்டுச் சுரைக்காய் என்பவர் ஏரிக்கரைப் புற்றைப் பார்க்கட்டும். மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, பால் ஊற்றுவது நாகராசனுக்கு. கட்டியவர் யார்? கண் தெரியாத கறையான்கள்! மேஸ்திரி இல்லை, வரைபடம் இல்லை. ஒன்று வைத்துப்போன மண்ணே அடுத்து வருவதை அங்கே மண் வைக்கத் தூண்டுகிறது என்று 1959இல் விளக்கினார் பிரெஞ்சு அறிஞர் கிராசே. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்பது நம்மவர் பழமொழி. குடிபுகுந்தது மட்டுமா? பாலையும் அல்லவா குடித்தது!

இந்த அறிவியலைத் தலைகீழாகப் பிடிப்போரும் உண்டு. "சாதித் தெருக்களும் தாமாக உருவானவையே, யாரைக் குறைசொல்ல?" என்பர். 1971இல் அமெரிக்கர் தாமஸ் ஷெல்லிங் வெளியிட்ட கட்டப்பலகை ஆய்வைத் துணைக்கழைப்பர். அண்டையரில் மூன்றிலொரு பங்கினராவது தம்மவராக இருக்கட்டும் என்ற மெல்லிய விருப்பமே இரு கூட்டத்தாரைத் தனித்தனித் திட்டுகளாகப் பிரித்துவிடும் என்றார் அவர். மெய்தான். ஆனால் ஷெல்லிங்கின் காய்கள், பிடிக்காவிடில் எழுந்து வேறு கட்டத்துக்குப் போகும். ஊருக்கு வெளியே பிறந்தவனுக்கு ஊருக்குள் எந்தக் கட்டம் திறந்திருந்தது? வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே 1924இல் போராட வேண்டியிருந்ததே! அங்கே விதி தானாக முளைக்கவில்லை. எழுதினார்கள், ஓதினார்கள், மீறியவன் முதுகிலே தடியால் பொறித்தார்கள்.

1950இல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்த பின்னும் எஞ்சியிருப்பதை, அண்டை வீட்டைப் பார்த்து அடுத்த வீடு காப்பாற்றி வருகிறது. உயிர் விளையாட்டில் பிறப்புக்கு மூவர் என்பதை இருவர் என்று மாற்றுங்கள். பலகையே வேறு உலகமாகிவிடும். ஓர் எண், ஒரே ஓர் எண்! நம் தெருவிலோ, வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்போர் இன்றும் உளர். அந்தக் கேள்வியை அவர்களுக்குக் கற்பித்தது எந்த நாகராசன்?