கண்டி வீதியில் நின்று செல்வோம்

கல்லூரி விழாக்களை முன்னிட்டுக் கொழும்பினின்றும் இலண்டன், ரொறன்ரோ முதலிய நகரங்களினின்றும் பழைய மாணவர் வந்து கூடுவர். கூடியவிடத்து அவர்தம் பேச்சு முதலில் ஆசிரியர்களைப் பற்றியதாயிருக்கும். அடுத்துத் துடுப்பாட்டப் போட்டிகளைப் பற்றியதாயிருக்கும். மூன்றாவதாகத் தவறாமற் கண்டி வீதியைப் பற்றியதாயிருக்கும். திருமுறிகண்டியில் வாங்கிய கச்சான், ஆனையிறவு வாடிவீட்டு விறாந்தையில் வீசிய உப்புக்காற்று, வவுனியாவில் நள்ளிரவிற் குடித்த தேநீர் என்று அப்பேச்சு வளரும். 1956ஆம் ஆண்டில் யாழ்தேவி ஓடத்தொடங்கிய பின்னரும், வீதி வழியே செல்வதிற் கிடைத்த இன்பம் புகையிரதத்திற் கிடைக்கவில்லை என்று வாதாடும் முதியவர் நம்மிடையே உளர்.

இப்பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியோடு ஒரு சிறு பொறாமையும் உண்டாவதுண்டு. இன்று நாற்பதைக் கடந்து நிற்கும் என் வயதினர்க்குக் கண்டி வீதி முதலிற் கதையாகவே அறிமுகமாயிற்று. நாம் சிறுவராயிருந்த காலத்தில் அவ்வீதி அடைபட்டுக் கிடந்தது. 1990களின் முற்பகுதியில் தெற்கே செல்லவேண்டியவர் கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகேறிக் கடந்தனர். 2002 ஏப்பிரலில் வீதி திறந்தபோது ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி, பொதிகளை அவிழ்த்துக் காட்டி, மீண்டும் ஏறிச் சென்றோம். 2006 ஓகத்தில் அது மறுபடியும் மூடப்பட்டது. போர் முடிந்த 2009இன் பின்னரே நிலையாகத் திறந்தது. ஆகவே, தந்தையார் சொல்லக் கேட்ட இடங்களைத் தேடிக்கொண்டே நான் அவ்வீதியில் முதன்முதலாகச் சென்றேன். அவர் சொன்ன வாடிவீடு ஆங்கில்லை. அவர் சொன்ன பிள்ளையார் இருந்தார்.

இன்று யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரையுள்ள ஏறக்குறைய 320 கிலோமீற்றர் வீதியும் செப்பமாக இருக்கின்றது. குளிரூட்டிய வண்டியில் இரவில் ஏறுவோர் விடியற்காலையிற் கண்விழிக்கின்றனர். இடைப்பட்ட ஊர்கள் யாவும் இருளிலே கழிகின்றன. விழாவுக்கு வரும் பழைய மாணவரோ வண்டி அமர்த்திப் பகலிலே வருகின்றனர்; இளமையில் நின்ற இடங்களிலெல்லாம் நிற்கின்றனர்; படம் எடுக்கின்றனர்; கச்சான் வாங்குகின்றனர். இது நல்ல வழக்கம் என்பதே என் கருத்து. ஆயினும் அவ்வாறு நிற்பவர் தம் இளமையை மட்டும் கண்டு மீள்வாராயின், அவர் வீதியைக் கண்டவராகார். நின்ற இடத்தில் நமக்கு முன்னே நின்றவர் யார், எதற்காக நின்றனர் என்று கேட்டறிதல் வேண்டும். அதனையே இவ்விதழ் வாயிலாகப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் சொல்ல விரும்புகின்றேன்.

வழியிலே நிற்றல் என்பது நம்மவர்க்குப் பழைய அறம். கந்தர்மடம், ஓட்டுமடம், ஆறுகால்மடம், மருதனார்மடம் என்னும் ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று. வழிப்போக்கர் படுத்துறங்க மடமும், தாகந்தீரக் கிணறும், மாடுகள் உடலுரோஞ்ச ஆவுரோஞ்சிக்கல்லும், தலைச்சுமையை மற்றொருவர் துணையின்றி இறக்கி ஏற்றச் சுமைதாங்கியும் அமைத்தனர். கருவுற்ற நிலையிலே உயிர்நீத்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி கட்டுவித்தல் அக்கால வழக்கம். இறக்கமுடியாத சுமையோடு போனவளுக்காக, வழியிற் போவோர் சுமையை இறக்குவதற்கு ஓரிடம் செய்தார்கள். வீதியோரத்து நினைவுச்சின்னம் என்பதற்கு இதனினும் சிறந்த பொருளை நான் அறியேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு ஓர் ஊர்ச்சந்தியைக் கடந்தபோது, தெருவோரத்தில் நின்ற சுமைதாங்கியைக் காட்டி, இஃது என்னவென்று கேட்டேன். ஒரு மாணவன், “ஐயா, மதிலை இடித்தவர்கள் இந்தத் துண்டை மட்டும் ஏன் விட்டார்கள்?” என்றான். ஏனையோர் சிரித்தனர். ஆனால், அவர்களுள்ளும் விடை தெரிந்தவர் ஒருவரும் இலர். சுமைதாங்கி என்னும் சொல்லைக் கட்டுரையில் உவமையாக எழுதி அவர்கள் என்னிடம் புள்ளி பெற்றிருந்தனர். பொருளைக் காட்டாது சொல்லை மட்டும் கற்பித்த குற்றம் என்னுடையதே.

இனி, யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோம். சாவகச்சேரியையும் கொடிகாமத்தையும் பலாப்பழமும் மாம்பழமும் விற்கும் சந்தைகளாக நினைவிற் கொண்டோர் பலர். 2000ஆம் ஆண்டுப் போரிலே சாவகச்சேரி நகரம் இடிந்து தரைமட்டமானதையும், அதே இடத்தில் மக்கள் மீண்டும் கடைபோட்டதையும் அறிந்து வாங்கும் பழத்துக்குச் சுவை குறையமாட்டாது. பளையைக் கடந்தால் ஆனையிறவு. வன்னிக் காட்டிற் பிடித்த யானைகளைக் கடனீரேரியின் ஆழமற்ற பகுதியால் இறக்கிக் குடாநாட்டுக்குக் கடத்தி, ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேற்றிய காலத்தை அப்பெயர் சுட்டுகின்றது. ஒல்லாந்தர் காலத்துச் சிறு கோட்டையே பிற்காலத்தில் நம் முதியோர் புகழும் வாடிவீடாயிற்று. போர் அதனை அழித்தது. நின்றுபோன உப்பளம் இப்போது மீண்டும் உப்பு விளைவிக்கின்றது. பருவத்தில் வரும் பறவைகள் எக்காலத்தும் வந்துகொண்டேயிருந்தன.

அவ்விடத்திலே 1991ஆம் ஆண்டுப் போரிற் சிதைந்த கவச வண்டியொன்று நினைவிடமாக வைக்கப்பட்டுள்ளது. தென்னிலங்கையிலிருந்து வருவோர் அங்கே இறங்கித் தம் வீரன் ஒருவனை எண்ணி வணங்குகின்றனர். கிளிநொச்சியில் வீழ்த்தப்பட்ட பெரிய நீர்த்தாங்கி போரின் பின் பல்லாண்டுகள் காட்சிப் பொருளாய்க் கிடந்தது. அதன்முன் நின்று படமெடுத்தோர் பல்லாயிரவர். அவர் வணங்குவதை நான் குறைகூறேன். இறந்த மகனை நினைப்பதற்கு எந்தத் தாய்க்கும் உரிமையுண்டு. ஆனால், அதே வீதியோரத்திற் பிள்ளையை இழந்து, நினைந்து விளக்கேற்ற ஒரு கல்லும் இல்லாத தாய்மாரும் இருக்கின்றனர். ஒருசாரார் துயருக்குக் கல்லும் மறுசாரார் துயருக்கு மௌனமும் உள்ள வழியில், இன்பப் பயணம் செல்பவன் கல்லை மட்டும் பார்த்துத் திரும்புதல் தகாது. நம்முடைய மாணவனுக்கு அந்த மௌனத்தையும் காட்டவேண்டும். பகையை வளர்த்தற்காக இதனைக் கூறுகின்றேனல்லேன். பார்வை ஒரு பக்கம் சாயாதிருத்தற்காகவே கூறுகின்றேன்.

திருமுறிகண்டிக்கு வருவோம். காடு சூழ்ந்த நெடுவழியிலே சிறு கோயிலொன்றில் வீற்றிருக்கும் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்தன்றி வண்டியோட்டிகள் அவ்விடத்தைக் கடப்பதில்லை. சைவரென்றும் பௌத்தரென்றும் கிறித்தவரென்றும் வேறுபாடின்றி எல்லாச் சாரதிகளும் அங்கே நிறுத்துகின்றனர். காட்டுவழியின் அச்சம் அவர் எல்லோரையும் ஒரே தெய்வத்தின்முன் நிறுத்திற்று. பிரயாணத்தின் நடுவே, யாரும் கட்டளையிடாமல், எல்லோரும் ஒருமுறை நின்று தம் அச்சத்தை ஒப்புக்கொள்ளும் இடம் இந்த நாட்டில் வேறெத்தனை உண்டு? கச்சானோடு இதனையும் நாம் கொண்டு செல்லலாம்.

மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை, வவுனியா கடந்து மதவாச்சிச் சந்தியை அடைகின்றோம். நம் பழைய மாணவர்தம் நினைவு பெரும்பாலும் இங்கே தூங்கிவிடுகின்றது. இதற்கு அப்பால் உள்ளது கண்டிக்குச் செல்லும் தூரம் மட்டுமே என்பது அவர் எண்ணம். ஆனால், மன்னாரிலிருந்து வரும் வழி இச்சந்தியிலேதான் நம் வீதியோடு கூடுகின்றது. 19ஆம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய ஏழை மக்கள், கோப்பித் தோட்டங்களை நோக்கிக் காடும் வெயிலும் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை கால்நடையாகவே சென்றனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களை வழிநெடுக வீழ்த்தின. வீழ்ந்தவர் வீழ்ந்த இடத்திலே விடப்பட்டனர். அவர்க்கு மடங்கட்டிய வள்ளல் இலர்; அவர் நினைவாகச் சுமைதாங்கி நாட்டியவரும் இலர். இறந்தோரின் பெயர்கூட எஞ்சவில்லை.

நடந்து பிழைத்தோரின் வழித்தோன்றல்கள் இந்நாட்டின் மலைகளைச் செல்வமாக்கினர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அன்று அவர்க்காக உரத்துப் பேசிய தமிழரும் உளர். சட்டத்துக்கு ஆதரவாகக் கையுயர்த்திய தமிழரும் உளர். பின்னர்க் கலவரங்களுக்கு அஞ்சி மலைநாட்டை விட்டு வந்தோர் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினர். நாம் வண்டியை நிறுத்தி இளநீர் வாங்கும்போது வெட்டித் தருபவர், அந்த நெடுவழியை நடந்து கடந்தவரின் பேரனாக இருத்தல் கூடும். 2023ஆம் ஆண்டிலே, அம்மக்களின் வருகைக்கு இருநூறாண்டு நிறைந்ததை நினைவுகூரும் முகமாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்துசென்றனர். அந்நடைக்கு வழிநின்று தண்ணீர் கொடுத்த ஊரவர், மடங்கட்டிய முன்னோரின் மரபினர் என்று சொல்லத் தகுந்தவர்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர், அதனடியிலே இவ்வழிநடையின் முடிவிடத்தையும் காணல் வேண்டும். அதற்குச் சற்று முன்னே நாலந்தாவில் உள்ள கற்கோயிலையும் காணல் வேண்டும். பௌத்தர் போற்றும் அக்கட்டடம் திராவிடச் சிற்பமுறையில் அமைந்தது. நீர்த்தேக்கம் வந்தபோது அது நீரில் மூழ்காதவாறு, கல் கல்லாகப் பெயர்த்து வேறிடத்திலே மீண்டும் கட்டினர். ஒரு நாடு விரும்பினால் தன் வழியோரத்துக் கற்களை எவ்வளவு கருத்தோடு காக்க முடியும் என்பதற்கு அஃதொரு சான்று.

இன்பமாகச் சென்றுவர எண்ணுவோரிடம் துன்பக் கதைகளைச் சொல்வது முறையா என்று சிலர் கேட்கலாம். உழைத்துக் களைத்து, பல்லாயிரங் கல் தொலைவிலிருந்து வருபவர் தம் இளமையைச் சிறிது தேடுதல் குற்றமாகாது என்பதை நானும் உடன்படுகின்றேன். அவர் கச்சான் உண்ணட்டும், தேநீர் அருந்தட்டும், படம் எடுக்கட்டும். அதனோடு அருகிலிருக்கும் இளையவனுக்கு அவ்விடத்தின் வரலாற்றையும் சொல்லட்டும். சொல்லத் தெரியாத இடத்தில், கடை வைத்திருப்பவரிடம் அவனையே கேட்கச் செய்யட்டும். தனியே நினைந்தின்புறும் நினைவு அவரோடு முடிந்துவிடும். சொல்லிவைத்த நினைவு இன்னொரு தலைமுறை வாழும்.

விழாக்காலத்தில் வளைவும் திரைச்சீலையும் எழுப்புதற்குப் பெரும்பணம் செலவாகின்றது. அதில் ஒரு சிறு பங்கைக்கொண்டு ஆண்டுக்கொருமுறை கண்டி வீதிப் பயணமொன்றை நம் பழைய மாணவர் சங்கம் நடத்துமாக. முதியோரும் மாணவரும் ஒரே வண்டியிற் செல்லவேண்டும். பகலிலே, மெல்லச் செல்லவேண்டும். ஒவ்வோர் இடத்திலும் முதியவர் ஒருவர் சொல்ல, மாணவர் எழுதவேண்டும். அக்குறிப்பேடுகள் கல்லூரி நூல்நிலையத்தில் இருக்கவேண்டும். இவற்றோடு இன்னொன்றும் செய்யலாம். தத்தம் ஊரில் எஞ்சியுள்ள மடம், கிணறு, சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல் ஆகியவற்றை மாணவர் கணக்கெடுக்க வேண்டும். வீதியை அகலிக்க வருவோரிடம், அவற்றை உடைக்காமல் ஓரமாகப் பெயர்த்து வைக்கும்படி எழுத்திலே கேட்கவேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. அது சுமைதாங்கி என்று அறிந்த ஒருவன் ஊரில் இருந்தாற் போதும்.

அன்று இடிந்த மதிலென்று சொன்ன அம்மாணவன், மறுவாரம் தன் பாட்டியாரிடம் கேட்டு வந்து, அவர் ஊரில் இருந்த சுமைதாங்கி யார் நினைவாகக் கட்டியது என்று வகுப்பில் எழுந்து சொன்னான். அந்தப் பெண்ணின் பெயரையும் சொன்னான். அன்று வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.