மூச்சைக் காத்தோம்; எலும்பை மறந்தோம்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் நாட்டுப் பழமொழி. உப்பு அளவோடு இருந்தால் சுவை. அளவு மீறினால் கேடு. குழந்தையின் நெற்றியில் முத்தமிடும் தாயின் உதட்டில் உப்புக் கரித்தால், அக்குழந்தை நெடுநாள் வாழாது என்று ஐரோப்பிய நாட்டுப்புற மக்கள் முற்காலத்தில் அஞ்சினர். அவ்வச்சத்தின் அடியில் மறைந்து கிடந்த உண்மையை இருபதாம் நூற்றாண்டின் மருத்துவமே வெளிக்கொணர்ந்தது. அந்நோயின் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்.

இலக்கியம் கற்பிப்போர்க்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று மாணவர் வினவக்கூடும். நம் உறவினர் இல்லத்தில் ஒரு பெண் இந்நோயுடன் வளர்ந்து வருகிறாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே, "பிள்ளை நெத்தி உப்பாக் கரிக்குதே" என்று அவளுடைய நன்னி சொன்னார். எவரும் பொருட்படுத்தவில்லை. ஓயாத சளி, எண்ணெய் மிதக்கும் மலம், எவ்வளவு உண்டாலும் தேறாத உடல் என ஆண்டுகள் கழிந்தன. ஆஸ்துமா என்று சில காலமும் காசநோய் என்று சில காலமும் மருந்துண்டாள். ஒன்பதாம் வயதில்தான் நோயின் உண்மைப் பெயர் தெரிந்தது. பதினாறாம் வயதில் ஓர் இரவு இருமும்போதே அவளது விலா எலும்பு முறிந்தது. இருமினால் எலும்பு முறியுமா என்று உறவினரெல்லாம் வியந்தனர், நாமும் வியந்தோம். அவ்வியப்பே இக்கட்டுரைக்கு வித்து.

1938இல் நியூயார்க் நகர மருத்துவர் டோரதி ஆண்டர்சன் இந்நோயைத் தனி நோயாக வகைப்படுத்தி விளக்கினார். 1948இல் அந்நகரைக் கடும் வெப்பம் தாக்கியபோது, இந்நோயுற்ற குழந்தைகள் மற்றவரினும் விரைவாகச் சோர்ந்து வீழ்ந்தனர். அவர்தம் வியர்வையில் உப்பு மிகையாக வெளியேறுவதை மருத்துவர் டி சான்ட் ஆக்னீஸ் 1953இல் நிறுவினார். இன்றளவும் நோயை உறுதிசெய்யும் முதன்மைச் சோதனை வியர்வைச் சோதனையே. 1989இல் இதற்குரிய மரபணு ஏழாம் குரோமோசோமில் கண்டறியப்பட்டது. உடலின் உயிரணுக்களில் உப்பும் நீரும் சென்றுவரும் வாயிலை அமைப்பது அம்மரபணு. அது பழுதுற்றால் வியர்வையில் உப்பு வீணாகிறது. நுரையீரலில் சளி பசைபோல் இறுகுகிறது. கணையத்தின் செரிமான நீர் குடலை அடையாமல் தடைப்படுகிறது.

இந்நோய்க்கு எலும்போடு என்ன உறவு? கணைய நீர் குடலுக்கு வாராவிடில் கொழுப்புச் செரிப்பதில்லை. கொழுப்போடு சேர்ந்தே உடலில் சேர வேண்டிய வைட்டமின்கள் ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கும் கழிவோடு கழிந்துவிடுகின்றன. வைட்டமின் டி குறைந்தால் உண்ணும் உணவின் சுண்ணாம்புச் சத்து உடலில் ஒட்டாது. நுரையீரலில் ஓயாது நிகழும் அழற்சி எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களைத் தூண்டுகிறது. மூச்சை மீட்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தும் எலும்பை மெலிவிக்கிறது. உடல் எடைக் குறைவு, தாமதமாக வரும் பருவ வளர்ச்சி, பின்னாளில் சேரும் நீரிழிவு ஆகியனவும் தம் பங்கைச் செய்கின்றன. எலும்பின் சேமிப்போ ஏறத்தாழ முப்பது வயதுக்குள் நிறைந்தாக வேண்டியது; அதிலும் பெரும்பகுதி பதின்பருவத்திலேயே சேர்வது. அக்காலத்தில் சேமிக்காதவன் பிற்காலத்தில் எடுத்துச் செலவிட ஒன்றும் இல்லாது நிற்பான்.

இங்கே ஒரு கொடிய சுழல் உண்டு. இந்நோயாளிக்கு இருமல் ஒரு தற்காப்பு. இருமினால்தான் சளி வெளியேறும். விலா முறிந்தவர் வலிக்கு அஞ்சி இருமலை அடக்குவார். அடங்கிய சளி தேங்கும். தேங்கிய இடத்தில் கிருமி பெருகும். நுரையீரல் மேலும் நலியும். முதுகெலும்பு நொறுங்கிக் கூன் விழுந்தாலோ மார்புக் கூடு சுருங்கி மூச்சுக்கு இடம் குறையும். ஆகவே எலும்பைக் காப்பதும் மூச்சைக் காப்பதன் ஒரு பகுதியே என்பது நம் கருத்து.

1950களில் இந்நோய்க் குழந்தைகள் பள்ளிப் பருவத்தை எட்டுவதே அரிது. இன்றோ அமெரிக்காவில் இந்நோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் பதினெட்டு வயது கடந்தவர்கள். ஆயுள் நீண்டதால்தான் எலும்பின் சிக்கல் கண்ணுக்குத் தெரிந்தது. நீண்ட ஆயுளை வலியற்ற ஆயுளாக ஆக்குவது இனி நம் கடமை.

இது வெள்ளையர் நோய், நம்மவர்க்கு வாராது என்ற எண்ணம் இங்கே நெடுங்காலம் நிலவியது. அது பிழை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்திலும் இந்தியக் குழந்தைகள் இந்நோய்க்கு மருத்துவம் பெறுகின்றனர். நோய் இல்லாமையால் அன்று. அறியாமையால் பல வீடுகளில் அது பெயரின்றி வாழ்கிறது.

இனி நம் சமுதாயப் பெரியோரிடம் மூன்று செய்திகளைப் பணிவுடன் முன்வைக்க விழைகிறோம்.

ஒன்று, அன்பின் பெயரால் இழைக்கும் தீங்கு. நோயுற்ற பிள்ளையை ஓடாதே, வெயிலில் நில்லாதே என்று படுக்கையிலேயே வைத்துக் காப்பது நம் இல்லங்களின் வழக்கம். பெண்பிள்ளையாயின் கட்டுக்காவல் இரட்டிப்பாகும். எலும்போ சுமை தாங்கித் தாங்கியே வலுப்பெறுவது. நடையும் ஓட்டமும் குதித்தாடலும் இந்நோயாளிக்கு மருந்தின் பகுதி; அவை சளியையும் இளக்குகின்றன. கதிரவன் ஆண்டு முழுதும் காயும் நம் நாட்டில் வைட்டமின் டி குறைபாடு பரவிக் கிடப்பது நாணத்தக்கது. வீட்டு முற்றத்திலும் மாடியிலும் பெண்பிள்ளைகள் வெயிலில் ஆடுவதற்கு எவர் தடை?

இரண்டு, மறைத்தல். திருமணம் தடைப்படுமே என்று நோயை ஊருக்கு மறைப்போர் உளர். மறைப்பதற்காகச் சோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போட்ட ஆண்டுகளில் எலும்பு தன் சேமிப்பை இழக்கிறது. மேற்கூறிய பெண்ணின் அத்தா நம்மிடம், "பேர் தெரியாமக் கழிச்ச ஒன்பது வருஷத்தை யார் திருப்பித் தருவா?" என்று கேட்டார். விடை கூற நம்மால் இயலவில்லை.

மூன்று, உறவுத் திருமணம். இந்நோயின் பழுதுற்ற மரபணுவைத் தாய், தந்தை இருவரும் சுமந்திருந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு வாய்ப்பு நோய்க்கு உண்டு. சுமப்போர் நலமாகவே இருப்பர். தாம் சுமப்பதை அறியார். ஒரே குடும்பத்துள் மணம் செய்யும்போது இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு மிகுகிறது. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை செய்வது தமிழகத்தில் எல்லாச் சமயத்தாரிடமும் காணும் வழக்கம். மார்க்கம் அதனை அனுமதித்துள்ளது, கட்டளையிடவில்லை. முதற்குழந்தைக்கு இந்நோய் கண்ட குடும்பத்தினர், அடுத்த மகப்பேற்றுக்கும் அடுத்த திருமணத்திற்கும் முன் மரபியல் மருத்துவரை அணுகுவதே அறிவுடைமை. அதன்பொருட்டுத் தாயைப் பழிப்பது மட்டும் பெரும்பாவம். பழுதில் தந்தைக்கும் சரிபாதி உண்டு.

பழுதுற்ற வாயிலையே சீர்செய்யும் மாத்திரைகள் 2012 முதல் வந்துள்ளன. ஆனால் 2019இல் அமெரிக்காவில் வந்த மும்மருந்துக் கூட்டின் விலை அப்போதே ஆண்டுக்கு 3,00,000 டாலருக்கு மேல். அம்மருந்து நம் இல்லங்களுக்கு எட்டும் நாள் வரவேண்டும். அதுவரை எட்டுவனவற்றை ஏன் கைவிட வேண்டும்? உணவுதோறும் கணைய நொதி மாத்திரை, கோடையில் கூடுதல் உப்பும் நீரும், பால், முட்டை, மீன், கேழ்வரகு, மருத்துவர் சொற்படி வைட்டமின்கள் ஆகியன எட்டக்கூடியவையே. இரத்தத்தில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் குறையலாகாது என்பது மருத்துவ வழிகாட்டுதல். எலும்பின் திண்மையை அளக்கும் டெக்ஸா ஸ்கேனைப் பதினெட்டு வயதுக்குள்ளும், எடைக் குறைவோ முன்னர் எலும்பு முறிவோ உடையோர்க்கு எட்டு வயது முதலும் செய்யுமாறு அறிவுறுத்துகின்றனர். நோன்பு நாள்களில் நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையை, உப்பும் நீரும் விரைந்து இழக்கும் இவர்கள் தயக்கமின்றி ஏற்கலாம். பெரியோர் அதனைக் குறையாகப் பேசலாகாது.

வள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்து, நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என மருத்துவத்தை நான்கு கூறாக்கினார். முதல் மூன்றும் இருந்தும் நான்காம் கூறு தளர்ந்தால் மருத்துவம் நிறைவுறாது. அந்நான்காம் கூறு நாமே. அப்பெண் இன்று கல்லூரி மாணவி. காலையில் மாடியில் கயிறாடிவிட்டு வகுப்புக்குச் செல்கிறாள். கயிறு தரையைத் தட்டும் ஓசை கேட்கும்போதெல்லாம் அவளுடைய நன்னி, "மெல்ல ஆடு புள்ளே" என்று கீழிருந்து குரல் கொடுக்கிறார். ஆனால் நிறுத்தச் சொல்வதில்லை. நம் சமுதாயமும் அந்த நன்னியைப் போல் கற்றுக்கொள்ளட்டும்.